மறுவென்று விட்டுவிடலாமா?

பிள்ளையின் மேனியிற் பாற்கோப்பி நிறத்தில், 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ காணப்படின், மறுவென்றெண்ணி வாளாவிருந்து விடுகின்றோம். 1882இல் ஜேர்மன் வைத்தியர் வொன் றெக்லிங்கவுசன் விரித்துரைத்த நியூரோபைப்ரோமற்றோசிஸ் என்னும் நோயின் அறிகுறியாக அவை இருக்கலாம். பரம்பரையலகு மாற்றத்தால் வரும் இந்நோய், ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இன்றியே புதிதாய்த் தோன்றுகின்றது. ஆதலின் தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

இந்நோய் எலும்பையும் தாக்கும். சிலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே முழங்காலின் கீழுள்ள எலும்பு வளையும். முறிந்தால் எளிதிற் பொருந்தாது. முறியுமுன்னரே தாங்கி பூட்டிக் காத்தல் வேண்டும். வேறு சிலருக்குப் பத்து வயதிற்குள்ளேயே முள்ளந்தண்டு ஒருபுறம் கோணி, விரைந்து வளைவதுண்டு. நோவு பெரும்பாலும் இராது. பிள்ளை முறையிடவும் மாட்டாது.

எனவே, இத்தகைய புள்ளிகளுள்ள பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முன்குனியச் செய்து முதுகை நோக்குவோம். ஒருபக்க விலா உயர்ந்து தோன்றின், தாமதியாது வைத்தியரிடம் காட்டுவோம்.