எங்க வயலில் எண்ணியதை எங்களுக்கும் சொல்லுங்க

நாலு வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிற பிள்ளை ஒன்று அவங்க அப்பாவோட பைக்கில் வந்து என் வரப்பில் இறங்கியது. கையில் ஒரு வீச்சு வலை, பையில் முப்பது பிளாஸ்டிக் டம்ளர். "அய்யா, உங்க வயல்ல சிலந்தி எண்ணணும். அனுமதி கொடுப்பீங்களா?" என்று கேட்டது. சிலந்தி எண்ணுறதுக்கு ஒரு படிப்பா என்று உள்ளுக்குள் சிரிப்புதான். ஆனால் அனுமதி கேட்டது பிடித்துப்போனது. மருந்து கம்பெனி ஆட்கள் பலபேர் என் வயலுக்குள் இறங்கியிருக்கிறார்கள், ஒருத்தரும் கேட்டதில்லை.

கடைசி செமஸ்டரில் செய்ய வேண்டிய ஆய்வாம். "நெல்லு செமஸ்டருக்குக் காத்திருக்குமாய்யா? அதான் இப்பவே வந்துட்டேன்" என்றது. டம்ளர்களை வாய் மட்டத்துக்கு வரப்பு மண்ணில் புதைத்து, அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊற்றி வைத்தது. ராத்திரி வரப்பில் நடமாடுற சிலந்தி, வண்டு, எறும்பு எல்லாம் அதில் விழுந்து கிடக்கும். அது போக, வாரம் ஒருநாள் வயலுக்குள் குறுக்கே நடந்து இருபது குத்து பார்க்கும். ஒவ்வொரு குத்தையும் மெல்லச் சாய்த்து அடித்தூரில் யார் யார் இருக்கா என்று நோட்டில் எழுதும். என் தூயமல்லி வயலில் இருபது குத்து, பக்கத்தில் யூரியாவும் மருந்தும் போடுற என் மச்சான் வயலில் இருபது குத்து.

மார்கழியில் புகையான் வந்தது. மூணு நாள் மூட்டம், பனி. மச்சான் வயலில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டது. என் வயலிலும் அடித்தூரில் பூச்சி. பதினோரு வருசமாக மருந்து தொடாதவன்தான் நான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கடன் வாங்கி நட்ட பயிர். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து எண்ணிவிட்டுச் சொன்னது: "தூருக்கு ஒண்ணரைப் பூச்சி இருக்குய்யா. ஆனா குத்துக்கு ஒரு சிலந்திக்கு மேலயே இருக்கு. புகையான் முட்டையக் குடிக்கிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் நிறைய இருக்கு. தண்ணிய வடிச்சுட்டு அஞ்சு நாள் பாருங்க."

பிறகுதான் தெரிந்தது, வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி வந்தாலே பொருளாதாரச் சேத நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரைக்கும் பொறுக்கலாம். மருந்துக்கடையில் யாராவது "உங்க வயல்ல சிலந்தி எத்தனை?" என்று கேட்டிருக்கிறார்களா?

தண்ணியை வடித்தேன். காத்திருந்தேன். இரண்டு சென்ட் அளவுக்குச் சொட்டையாகக் காய்ந்தது, மிச்சம் தப்பித்தது. மச்சான் வயல் என்ன ஆச்சு என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும். மூணு தடவை அடித்தார் என்பதோடு நிறுத்திக்கிறேன். ஒரு வயலில் ஒரு போகத்தில் நடந்ததை வைத்து ஊருக்கே சட்டம் சொல்ல முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் "இயற்கை பார்த்துக்கும்" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தைரியம் கொடுத்தது ஒரு மாணவியின் நோட்டில் இருந்த எண்ணிக்கைதான்.

இதே புகையானைப் பற்றி ஒரு மாணவர் செய்த ஆய்வு, பிறகு ஒரு நாட்டின் கொள்கை மாறுவதற்கே துணையாக இருந்திருக்கிறது. பீட்டர் கென்மோர் என்பவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, 1970-களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களில் இறங்கி வேலை செய்தார். 1980-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். பசுமைப் புரட்சி வயல்களில் புகையான் ஏன் இப்படிப் பெருகுது என்பதுதான் கேள்வி. மருந்து அடிக்கிற வயலில் சிலந்தியும் மற்ற இரைதின்னிகளும் சாகுது, புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்குது, பொரித்து வருகிற குஞ்சைத் தின்ன ஆள் இல்லாமல் போகுது. அதாவது மருந்தே பூச்சியைப் பெருக்குது. 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தபோது, அந்த நாட்டு விஞ்ஞானிகளின் வேலையோடு இந்த மாதிரி வயல் ஆய்வுகளும் அதற்குப் பின்னால் இருந்தன. 1989-இல் அங்கேதான் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. நம்ம வேளாண்மைத் துறை இன்றைக்கு அதே பேரில் நடத்துகிற பள்ளிக்கு மூலம் அதுதான். அங்கே உழவரே குத்தைச் சாய்த்து எண்ணினார், எண்ணியதைப் படமாக வரைந்து முடிவெடுத்தார்.

இன்னொரு ஆய்வும் நமக்கு முக்கியம். ஜாவா தீவின் நெல்வயல்களில் செய்து 1996-இல் வெளியிட்டார்கள். நட்ட புதிதில், பயிரைத் தின்கிற பூச்சி வருவதற்கு முன்னால், சிலந்திகள் எதைத் தின்று உயிர் வாழுது என்று பார்த்திருக்கிறார்கள். மக்குகிற குப்பையையும் தண்ணியில் இருக்கிற நுண்ணுயிரையும் தின்று வளர்கிற கடிக்காத கொசுக்களும் மண்ணில் தத்துகிற பொடிப் பூச்சிகளும்தான் சிலந்திக்கு முதல் சாப்பாடு. வயலில் மக்கு சேர்த்தால் இந்தப் பூச்சிகள் கூடுது, அதோடு இரைதின்னிகளும் கூடுது. தக்கைப்பூண்டு மடக்கி உழுவதை நாம மண்ணுக்குச் சோறு என்று சொல்கிறோம். சிலந்திக்கும் அதுதான் சோறு என்று எனக்கு அந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் உறைத்தது. இதை ஏன் நமக்கு முப்பது வருசமாக யாரும் தமிழில் சொல்லவில்லை?

அந்தக் கோபத்தோடுதான் என் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கு. ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி கேட்டு அந்தப் பிள்ளை படித்த கல்லூரிக்கே போனேன். துறை அலமாரியில் இருக்கு, வெளியாளுக்குக் கொடுக்கிற வழக்கமில்லை என்றார்கள். ஐந்து மாதம் வாரம் தவறாமல் என் வயலை மிதித்து எழுதியது, அதில் நான் வெளியாள்! கடைசியில் அந்தப் பிள்ளையே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தது. முழுக்க ஆங்கிலம். என் வயலுக்குப் பேர் 'இடம் 2'. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பேர் இருந்தது, எழுத்துப் பிழையோடு. மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு வயலுக்கும் எண்ணிக்கை வித்தியாசம் அட்டவணை அட்டவணையாக இருந்தது. முடிவுரையில், மேலும் ஆய்வு தேவை என்று இருந்தது. மேலும் ஆய்வு செய்ய வேண்டிய பிள்ளை இப்போது ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் கணக்கு எழுதுது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளாவது சோத்கங்கா தளத்தில் ஏறுகிறது, தேடினால் படிக்கலாம். எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வு பெரும்பாலும் கட்டு போட்டு அலமாரிக்குப் போவதோடு சரி. நான் பேசிப் பார்த்த மாணவர்கள் பலரும், வயல் ஆய்வு என்றாலே பஸ் காசு கைக்காசு, மழை வந்தால் தாமதம், இலைச்சாறு எடுத்து கிருமி சாகுதா என்று ஆய்வகத்தில் பார்த்தால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வகப் படிப்பு வீண் என்றும் சொல்ல மாட்டேன். ரேச்சல் கார்சன் 1932-இல் விலங்கியல் முதுகலைப் பட்டத்துக்கு ஆராய்ந்தது கெளுத்தி மீன் குஞ்சின் சிறுநீரக வளர்ச்சியை. முப்பது வருசம் கழித்து, 1962-இல், பூச்சிக்கொல்லிகளைக் கேள்வி கேட்ட 'மௌன வசந்தம்' அவர் கையிலிருந்துதான் வந்தது. உற்றுப் பார்க்கிற பழக்கம் எங்கே கிடைத்தாலும் நல்லதுதான்.

ஆனால் நம்ம வயலில் கேள்விகள் குவிந்து கிடக்கு. வரப்பில் ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் விட்டு வைத்தால் ஒட்டுண்ணிக் குளவி கூடுதா? நாம நட்டு வைக்கிற பறவைத் தாங்கிக் குச்சியில் கரிச்சான் உட்காருது, சரி, அது தின்கிறது புழுவையா, நமக்கு உதவுகிற தட்டானையா? கூகை கக்கிப் போடுற உருண்டையைப் பிரித்தால் எத்தனை எலி மண்டை இருக்கும்? இது ஒவ்வொன்றும் ஒரு எம்.எஸ்சி. ஆய்வு. பெரிய கருவி வேண்டாம், வயலும் பொறுமையும் போதும்.

நம்ம பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாம எண்ணுவதில்லை. "மண்புழு வந்துருச்சு, குருவி வந்துருச்சு" என்கிறோம். எத்தனை, எந்த மாதம், போன வருசம் எத்தனை என்று கேட்டால் பதில் இல்லை. பஞ்சகவ்யாவால்தான் பூச்சி வரவில்லை என்கிறோம், ஆனால் தெளிக்காமல் ஒரு பாத்தியை ஒப்பிட்டுப் பார்க்க விடுவதில்லை. எண்ண வருகிற பிள்ளை நமக்குப் பிடிக்காத எண்ணைச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். அந்தப் பிள்ளை எண்ணியதில், மச்சான் வயலைவிட என் வயலில் இலைசுருட்டுப் புழு கொஞ்சம் கூடத்தான் இருந்தது. இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. அப்புறம் வரப்போர மர நிழல் காரணமாக இருக்குமோ என்று யோசித்து, இரண்டு கிளையைக் கழித்தேன்.

பேராசிரியர்களிடம் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. உழவர் வயலில் செய்கிற ஆய்வுக்கு நாலு பக்கம் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் என்று துறையிலேயே வைத்துவிடலாம். வாய்மொழித் தேர்வு நடக்கிற அறையில் வயல்காரருக்கும் ஒரு நாற்காலி போடலாம். நம்ம இயக்கத்து நண்பர்கள் அவரவர் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல், தாவரவியல் துறைத் தலைவரை ஒருமுறை போய்ப் பார்த்து, எங்க வயல் இருக்கு, மாணவர்களை அனுப்புங்க என்று சொல்லிவிட்டு வரணும். வருகிற பிள்ளைக்கு மதியச் சாப்பாடும் பஸ் காசும் நாம கொடுப்போம். ஒரு தடவை மருந்து அடிக்கிற செலவைவிட அது குறைவுதான்.

இந்தச் சம்பாவுக்கு வேறு ஒரு கல்லூரியிலிருந்து தாவரவியல் மாணவர் ஒருத்தர் வரப்புச் செடிகளைக் கணக்கெடுக்க வருகிறார். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் மரத்தில் அடித்து வைத்திருக்கிறேன். அறுப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை களத்துமேட்டில் ஊர்க்காரங்க முன்னால் நின்று, கண்டதைத் தமிழில் சொல்லணும் என்று கேட்டிருக்கிறேன். "கூச்சமா இருக்கும்ங்கய்யா" என்றார். மச்சானும் வருவார், அவர் நிறையக் கேள்வி கேட்பார் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.