முத்தத்துக்குக் கத்தரி, அரிவாளுக்கு வழி

2025 ஜூலையில் வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தில் 33 விநாடி முத்தக் காட்சியை நீக்கிய பிறகே ‘யுஏ 13+’ சான்று கொடுத்தது திரைப்படத் தணிக்கை வாரியம். 2023இல் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் தலை துண்டாகிறது. அதற்கும் யு/ஏதான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்தோம், விசிலும் அடித்தோம்.

வாரியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘கூலி’ படத்துக்கு வன்முறையைக் காரணம் காட்டி ஏ சான்று கொடுத்தபோது, தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘கேஜிஎஃப்’புக்கும் ‘பீஸ்ட்’டுக்கும் யு/ஏ கிடைத்ததே என்பது அதன் வாதம். மனு தள்ளுபடியானது சரியே. ஆனால் அந்தக் கேள்விக்கு வாரியத்திடம் நேர்மையான பதில் இருக்க முடியாது. யுஏ படங்களின் நிலையோ இன்னும் வேடிக்கை. 2023இன் திரைப்படச் சட்டத் திருத்தம் அவற்றை 7+, 13+, 16+ என்று பிரித்ததே தவிர, அந்த வயது வரம்பை நடைமுறைப்படுத்தும் பொறுப்பைப் பெற்றோரிடமே விட்டுவிட்டது. 16+ படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் தடுக்க ஆளில்லை.

திரையில் அரிவாளைப் பார்த்த பிள்ளைகளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவதில்லை என்பார்கள். உண்மைதான். கொலைக் காட்சியில் கதை எது, நிஜம் எது என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளை, முத்தத்தைப் பார்த்தால் மட்டும் கெட்டுப்போய்விடும் என்பது என்ன கணக்கு? நிர்வாணம் என்றாலே ஆபாசம் என்ற எண்ணத்தை ‘பேண்டிட் குயின்’ பட வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் பிள்ளைகளைத் தன் அரை நிர்வாண உடலில் ஓவியம் தீட்டவைத்த ஒரு தாயைப் போக்சோ வழக்கிலிருந்து 2023இல் விடுவித்த கேரள உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. வீட்டுக்குள் நாம்தான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

ஆபாசப் படங்களைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லவில்லை. அவை ஏற்கெனவே கைபேசி வழியே வந்துவிட்டன. பெரியவர்கள் வாய் திறக்காத வீட்டில் அந்தக் காணொளிதான் வாத்தியார்.

இந்த மௌனத்துக்குப் பிள்ளைகள் கொடுக்கும் விலை பெரிது. மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தன் உடலின் பாகங்களைப் பெயர் சொல்லிப் பேசினாலே அதட்டப்படும் பிள்ளை, மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ செய்ததை யாரிடம், எந்தச் சொல்லால் சொல்லும்? அதே ஆய்வில் மூவரில் இருவர் அடி உதை வாங்கியதாகவும் சொன்னார்கள். அதற்கு யாரும் பதறவில்லை. அடியாத மாடு படியாது என்று பழமொழி வைத்திருப்பவர்கள் அல்லவா நாம்!

அந்த ஆய்வு வந்த அதே ஆண்டில்தான் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்தின. பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்று 2009இல் மாநிலங்களவை மனுக்கள் குழு பரிந்துரைத்தது. மாறாக, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்து, சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதும் குற்றமே என்று 2024 செப்டம்பரில் அறிவித்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணத்தைக் கண்டித்து, முறையான பாலியல் கல்வி வேண்டும் என்றது.

தமிழக அரசு இதற்கு ஆண்டில் ஒரு நாள் விழிப்புணர்வுக் கூட்டத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. தொடக்கப் பள்ளியிலிருந்தே வயதுக்கேற்ற பாடமாக இது வர வேண்டும். நடத்தும் ஆசிரியருக்கு முதலில் கூச்சம் போகும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். மத்திய அரசு 16+ சான்றையாவது திரையரங்க வாசலில் கட்டாயமாக்கட்டும். பண்டிகை வசூல் குறையும் என்று தயாரிப்பாளர்கள் முறையிடுவார்கள். முறையிடட்டும்.