வெள்ளைக்கு ஆசைப்பட்ட வெல்லம்

வெல்லத்தைப் பற்றி இந்த வருஷம் இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். மே மாதம் அதைப் பற்றி எழுதியதற்கு வந்த வசவுக் கடிதங்களே போதும். ஆகவே இந்த வாரம் சாக்லேட்.

ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய் இல்லை. ஜரிகை நாடா கட்டிய அட்டைப்பெட்டி. மேலே கொட்டை எழுத்தில் ‘கைவினை சாக்லேட், நாமக்கல் வெல்லம் சேர்த்தது’. பெட்டியின் அடியில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கோகோ தூள், பால் பொடி என்று போய், கடைசிக்கு முந்தின இடத்தில் வெல்லம், 2 சதவீதம். பெட்டி மத்தியானம் முழுக்க மூடிய காருக்குள் கிடந்தது. கார்த்திகை மாதம்தான், ஆனாலும் நம் ஊர் வெயில் நம் ஊர் வெயில்தானே. சாயங்காலம் திறந்து பார்த்தால் ஒரு துண்டின் முனைகூட மழுங்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வாயில் போட்டதும் சாக்லேட் கரைவதே அதனால்தான். மூடிய காருக்குள் உருகாத சாக்லேட்டின் கொழுப்பு பெரும்பாலும் கோகோ வெண்ணெயாக இருக்க வழியில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கப்புறம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஆத்தூர் வரை யாரைக் கேட்டாலும் ‘நாங்க வீட்லயே சாக்லேட் பண்றோம்’ என்கிறார்கள். பண்ணட்டும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டியை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, முந்திரி தூவி அச்சில் ஊற்றி நாலு காசு பார்க்கும் பெண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஊட்டிக் கடைகளில் நாம் வரிசையில் நின்று வாங்குவதிலும் பெரும்பகுதி அந்தச் சரக்குதான். அதன்மேல் ‘கைவினை’ என்று அச்சடிப்பதுதான் உறுத்துகிறது.

கைவினை என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பொள்ளாச்சிப் பக்கம் போகலாம். ஹரீஷ் மனோஜ்குமார், கார்த்திகேயன் பழனிசாமி என்று மைத்துனர்கள் இருவர். ஆனைமலை அடிவாரத்தில் சொந்தத் தோட்டத்தில் கோகோ வளர்த்து, அங்கேயே ‘சாக்லெட்’ என்ற பெயரில் கட்டி போட்டு விற்கிறார்கள். மரத்திலிருந்து காகிதம் சுற்றுவது வரை ஒரே குடும்பத்தின் கை. கோகோ காயை உடைத்தால் விதையைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாக ஒரு சதை. சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலை போட்டு மூடிவிட வேண்டும். ரெண்டாம் நாளே சூடேறும். பிறகு கையை உள்ளே வைக்க முடியாது, காடி வாசம் மூக்கைத் துளைக்கும். அவ்வப்போது புரட்டிப் போட்டு, ஐந்தாறு நாள் கழித்து எடுத்துக் காயவைக்கிறார்கள். பிறகு வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, கல்லில் ரெண்டு மூணு நாள் அரைக்கிறார்கள்.

அந்தக் கல் எங்கிருந்து போனது தெரியுமா? இட்லி மாவுக்காக 1955இல் கோவையில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரின் வாரிசுதான் அது. இருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டிலேயே கோகோ விதையை அரைக்கப் பார்த்தவர்கள் பல கருவிகளில் தோற்று, கடைசியில் நம் கிரைண்டரைக் கண்டுபிடித்தார்கள். மோட்டாரையும் பாகங்களையும் கொஞ்சம் மாற்றினால் போதுமாக இருந்தது. இன்று உலகம் முழுக்க சின்னச் சின்ன சாக்லேட் பட்டறைகளில் கோவைக் கல் சுற்றுகிறது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், எனக்கு அலுக்காது.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விதை நன்றாகப் புளித்ததா என்று பார்க்கக் கத்தியால் நறுக்கிப் பார்ப்பார்கள். சர்வதேச வியாபாரத்தில் 300 விதையை எண்ணி எடுத்து நறுக்க வேண்டும் என்று விதியே உண்டு. உள்ளே ஊதாவாகவோ சாம்பலாகவோ இருந்தால் புளிப்பு பத்தவில்லை, விலை குறையும். நல்ல பழுப்பாக இருந்தால்தான் முதல் தரம். பழுப்புக்குத்தான் காசு. அந்தப் பழுப்பை உண்டாக்கத்தான் ஒரு குடும்பம் வாரம் முழுக்கப் பெட்டியைக் காவல் காக்கிறது. கடைசியில் அறுபது கிராம் கட்டியை நாம் 250, 300 ரூபாய் கொடுத்து வாங்கி, ‘எவ்வளவு கருப்பு பாரு’ என்று மெச்சுகிறோம்.

இதே நாம், பொங்கலுக்கு முந்தின நாள் வெல்லக் கடையில் என்ன கேட்கிறோம்? ‘நல்ல வெள்ளையா எடுத்துக் குடுங்க.’

ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டாரத்தில், ராஜா வாய்க்கால் பாயும் ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம், பாண்டமங்கலம் பக்கம் போனால் கரும்புக் காட்டுக்கு நடுவில் ஆலைக் கொட்டகைகள். சாக்லேட் பட்டறையைவிட ஒரு மாற்றும் குறையாத கைவேலை அங்கே நடக்கிறது. ஒரு டன் கரும்பு ஆட்டினால் நூறு கிலோவை ஒட்டித்தான் வெல்லம் தேறும். சாறு கொதிக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் விடுவதும், வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பை ஊற்றி அழுக்கை மேலே கொண்டுவந்து வழிப்பதும், பொங்கும்போது நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு அடக்குவதும் பாட்டன் காலத்து வித்தை. பாகு பதம் தெரிய ஒருவர் துளியைத் தண்ணீரில் போட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் பிசகினால் அந்தக் கொப்பரை முழுக்கக் கருகிவிடும். தெர்மாமீட்டர் வைத்து இதையே செய்தால் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள்.

இப்படி வரும் வெல்லம் அடர்ந்த பழுப்பாக இருக்கும். 30 கிலோ சிப்பமாகக் கட்டி ஏலத்துக்குக் கொண்டு போனால் வியாபாரி ஒரு உருண்டையை உடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நிறம் மட்டு என்றால் விலையும் மட்டு. அதனால் சாறு கொதிக்கையில் ஹைட்ரோஸ் என்ற பொடி விழுகிறது. கண்ணெதிரே சாறு வெளுக்கும். அந்தப் பொடி வெல்லத்தில் விட்டுப்போகும் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். கொட்டகையில் அளந்து போட யாரிடம் தராசு இருக்கிறது? வேடிக்கை என்னவென்றால், அப்படி வெளுத்த வெல்லம் நாள்பட்டால் மறுபடி கருக்கும். வியாபாரிக்கு அதுவரை வெள்ளையாக இருந்தால் போதும்.

அடுத்த படி அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை. வெல்லத்துக்கு நல்ல விலை இருக்கிற சமயத்தில் கரும்புச் சாற்றோடு சர்க்கரை மூட்டையைக் கொட்டினால் எடையும் ஏறும், நிறமும் வரும். நாமக்கல் ஆலைகளிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியிலும் உணவுப் பாதுகாப்புத் துறை ஆய்வுக்குப் போவதும், மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்வதும் பொங்கலுக்குப் பொங்கல் படிக்கிற செய்திதான். ஆலைக்காரர் மேல் வழக்கு. வெள்ளை கேட்ட நம் மேல் ஒன்றுமில்லை.

பழுப்புக்குக் கதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து ஈரோட்டில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறது. தண்டாயுதபாணிக்கு வெள்ளை தேவைப்படவில்லை. பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு முருகன் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சாக்லேட்டுக்கு முன்னாலேயே சொன்னேனே. சிப்பமாக விற்றால் வெல்லத்துக்கு வரி இல்லை. ஆலைக்காரர் மகன் கொஞ்சம் படித்தவனாக இருந்து, ‘ஹைட்ரோஸ் போடாதது’ என்று சீட்டு ஒட்டி அரைக் கிலோப் பொட்டலம் போட்டால், 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம். கல்யாண வீட்டு உருகாத சாக்லேட்டுக்கும் இப்போது அதே 5.

அந்தப் பெட்டியின் புண்ணியத்தில் இந்த வாரம் ஜேடர்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆலைக்குப் போனேன். கொட்டகை மூலையில், சாக்குப் போட்டு மூடி, தனியாக ஒரு கூடை. எட்டிப் பார்த்தேன். காப்பிக்கொட்டை நிறத்தில் உருண்டைகள். “அது வூட்டுக்குங்க” என்றார் ஆலைக்காரர். சீசனில் ஒரு கொப்பரை பொடி போடாமல் காய்ச்சி, வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் எடுத்து வைப்பார்களாம். கிள்ளி வாயில் போட்டார், எனக்கும் கொடுத்தார். முதலில் கரும்பு, பிறகு லேசான உப்பு, கடைசியில் அடுப்புப் புகை. முந்நூறு ரூபாய் சாக்லேட்டின் அட்டையில் இதையெல்லாம் வரிசையாக எழுதியிருப்பார்கள்.

எனக்கு ரெண்டு கிலோ வேண்டும், என்ன விலை என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தம்மாவுக்கும் தெரியவில்லை.

“ஏனுங்கண்ணா, இது எந்த ஏலத்துக்குப் போயிருக்குது, வெல சொல்றதுக்கு? வெள்ளை வெல போட்டுக்கட்டுங்களா?”

அதைவிடக் கூடப் போடுங்கள் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை விலையில் கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.