வேனில் பைக்கை ஏத்தி, படுக்கையும் போட்டா தப்பா? சட்டம் சொல்வது என்ன?

பழைய வேனை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி, பைக்கை ஏத்தி, ஓரமா ஒரு படுக்கை போட்டா டூர் வேன் ரெடி! சங்கரன்கோவிலில் கிளம்பி புளியரை தாண்டினால் கேரளா. ஆனால் அங்கேதான், கண்ணூரில் 2021 ஆகஸ்டில் 'இ புல் ஜெட்' யூடியூபர்களின் கேம்பர் வேன், விதிமீறி மாற்றப்பட்டதாகச் சொல்லி பறிமுதல் செய்யப்பட்டது.

தமிழ்நாட்டிலும் அதே சட்டம்தான். ஆர்சியில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

பைக்கை பெல்ட் போட்டு கட்டுவது வேற, கட்டிலை வெல்டிங் வைப்பது வேற. ஆர்சியில் 7 சீட், வண்டியில் 2 சீட் என்றால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். சீட்டைக் கழற்றும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.