டேங்க் கிளீனர்னு பேர் வெச்சது யாரு?

தாம்பரம், சேலையூர் பக்கம் மீன் கடைகள்ல 2 இஞ்ச் குட்டி ஒண்ணை "டேங்க் கிளீனர்"னு சொல்லி விக்கிறாங்க. அது தென் அமெரிக்கக் கெளுத்தி. கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். மத்த மீன் கழிவைத் தின்னே வளரும்னு நம்பி, அதுக்குத் தனியா தீனியே போடறதில்ல. அந்தப் பேருதான் அதைக் கொல்லுது.

கழிவை அது தின்னாது. பாசி தின்னும், ஆனா வீட்டுத் தொட்டிப் பாசி அதுக்குப் பத்தாது. மேல மிதக்கிற தீனியை மத்த மீனுங்க முடிச்சிடும். வயிறு உள்ள ஒட்டியிருந்தா பட்டினின்னு அர்த்தம். ராத்திரி லைட்டை அணைச்சப்புறம், அடியில மூழ்கற தீனி வில்லை போடுங்க. வெள்ளரித் துண்டு, வெந்நீர்ல வாட்டின பசலைக்கீரை தரலாம். மிச்சத்தைக் காலையில எடுத்துடணும். வாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க.

நல்லா வளர்ந்தா ஒரு அடிக்கு மேல போகும். அப்ப "பாவம், பொழைச்சுப் போகட்டும்"னு ஏரியில விடறாங்க. அந்தப் பாவம் ஏரியை நம்பி இருக்கிற எங்க தலையிலதான் விடியுது. கரையைக் குடைஞ்சு முட்டை வைக்கும், முள்ளு வலையைக் கிழிக்கும், நாட்டு மீனோட தீனியில பங்கு கேக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் மூழ்கினப்ப பார்த்தோமே, இங்க ஏரித் தண்ணி ஏரியோட நிக்காது.

ஒரு அடி மீனுக்கு வீட்டுல இடமில்லையா, 2 இஞ்சுலயே வாங்காதீங்க. வாங்கிட்டீங்களா, கடைசிவரைக்கும் தீனி போடுங்க. முடியலைன்னா கடையிலயே திருப்பிக் குடுங்க. ஏரியில மட்டும் விடாதீங்க.