கொடி ஏன் அசைந்தது?

கிடர்பூர் என்றால் கல்கத்தாக்காரர்களுக்குத் துறைமுகம். வெளியூர்க்காரர்களுக்கு ஃபேன்சி மார்க்கெட். சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் கணக்கெழுதப் போன எனக்கும் வெகுநாள் அவ்வளவுதான். ரங்கலால், மைக்கேல் மதுசூதன் தத், ஹேமசந்திரர் ஆகிய மூன்று கவிஞர்கள் அந்தப் பேட்டையில் வாழ்ந்தவர்கள் என்பதும், அதனால்தான் அங்கே ஒரு சாலைக்குக் கவிதீர்த்த சரணி என்று பெயர் என்பதும் பக்கத்து மேசை வங்காளி நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில் நின்றுகொண்டு அவர் மதுசூதனை மனப்பாடமாகச் சொல்வார். எனக்கு அப்போது பாதிதான் புரியும். அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

இப்போது அதை எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் பேத்தி. பத்தாம் வகுப்பு. போன வாரம் போனில், "சின்னத் தாத்தா, தற்குறிப்பேற்ற அணி ஃபுல்லா வந்துருச்சு. விளக்கம், சான்று, பொருத்தம், எல்லாம்" என்றாள். சான்று, சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி. "சரி, அந்தக் கொடி அசைஞ்சப்ப உனக்கு என்ன தோணிச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்க மாட்டாங்க தாத்தா."

உண்மைதான், கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மரப்புணையில் வையையைக் கடக்கிறார்கள். நடக்கப்போவது தெரிந்தவள்போல ஆறு தன் கண்ணீரைப் பூக்களால் மூடிக்கொண்டு ஓடுகிறது. கோட்டைமேல் கொடி, வராதே என்று கை காட்டுவதுபோல் அசைகிறது. கோவலனுக்கு அது காற்றில் ஆடும் துணி. நமக்கு மட்டும் அது கை. அவன் செத்துப்போவான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் முடியாது. படிக்கிறவன் வயிற்றில் ஒரு பிசைவை உண்டாக்கத்தான் இளங்கோ அந்தக் கொடியை அங்கே நட்டார். 'இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றுதல்' என்ற விளக்கம் சரியானதே. ஆனால் அந்தப் பிசைவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மதுசூதன் தத் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல சாட்சி. வக்கீல் அப்பாவின் கிடர்பூர் வீட்டில் செல்லமாக வளர்ந்தவர், 1843இல் கிறிஸ்தவரானார், 1848இல் சென்னைக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையும் பத்திரிகை வேலையுமாக 1856 வரை இங்கேதான் இருந்தார். முதல் நூலும் சென்னையில்தான் வந்தது, ஆங்கிலத்தில். அப்போது நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் தன் தினசரிப் படிப்பைப் பட்டியல் போடுகிறார்: எபிரேயம், கிரேக்கம், தெலுங்கு, சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம். 

ஊர் திரும்பியபின் 1861இல் அவர் வெளியிட்டது மேகநாதவத காவியம். மேகநாதன், அதாவது நம் இந்திரஜித்து. அதுவரை வங்கக் கதைப்பாட்டு பெரும்பாலும் பயார் என்ற நடையில் ஓடியது. அடிக்குப் பதினான்கு எழுத்து, எட்டும் ஆறுமாகப் பிரியும், இரண்டிரண்டு அடிக்கு ஒரு கடை எதுகை. கிருத்திவாசரின் ராமாயணத்தை ஊரே அந்தத் தாளத்தில் பாடிக் கேட்டது. மதுசூதன் பதினான்கை வைத்துக்கொண்டு எதுகையை எடுத்துவிட்டார். வாக்கியம் அடியின் கடைசியில் நிற்காமல் அடுத்த அடிக்குத் தாவியது, நினைத்த இடத்தில் நின்றது. தலையாட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கு எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. கேலி செய்து மூஞ்சூறு வதம் என்றொரு காவியமே எழுதினார்கள். (நமக்கு இது புதிதாகவே பட்டிருக்காது. புறநானூற்று அகவலில் அடிகள் பல கடந்து கடைசியில்தானே வினைமுற்று வருகிறது.)

அந்த நடை எதற்கு என்பது ஆறாம் சருக்கத்தில் தெரியும். கம்பனில் இந்திரஜித்து வேள்வி கலைந்து, சண்டையிட்டு, அப்பனிடம் போய் சீதையை விட்டுவிடச் சொல்லி, மறுபடி களத்துக்கு வந்து ஆயுதத்தோடு சாகிறான். மதுசூதன் அந்த ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார். பூசையறையில் நிராயுதபாணியாக இருக்கிறான் மேகநாதன். மாயையின் துணையால் லட்சுமணன் உள்ளே வந்துவிட்டான். ஆயுதம் எடுத்துவர அவகாசம் கேட்டால் கிடைக்கவில்லை. வாசலை மறித்துக்கொண்டு சித்தப்பன் வீடணன். அவனைப் பார்த்து இவன் பேசும் பேச்சு அடியை உடைத்துக்கொண்டு வருகிறது, ஆத்திரத்தில் மனுஷன் பேசுவதுபோல. பயாரின் எதுகை இருந்திருந்தால் அது பாட்டாகப் போயிருக்கும். ராமநாமம் சொல்லி வளர்ந்த வாசகன், அந்த வாசல் திறக்காதா என்று ஒரு நிமிஷம் தவிக்கிறான். ராவணன் பக்கம் தன் மனம் சாய்வதை மதுசூதன் மறைக்கவும் இல்லை.

நூல் வந்தபின் சீனாபஜாரில் ஒரு கடைக்காரர் அதில் மூழ்கியிருப்பதைப் பார்த்து, யாரென்று சொல்லாமல் அவரிடம் பேச்சுக் கொடுத்ததை மதுசூதன் தன் நண்பர் ராஜநாராயண் பாசுவுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். உங்கள் மொழியில் கவிதை உண்டா என்று சீண்டினாராம். எந்த நாடும் பெருமைப்படும் கவிதை இது என்றாராம் கடைக்காரர். வாசித்தும் காட்டினார், மிக அழகாக. இந்த எதுகையில்லாத நடை எப்படி என்றதற்கு, நம் மொழியிலேயே உயர்ந்த நடை என்று பதில். அவருக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

பரீட்சை வைக்கப்பட்ட வாசகர் ஒருவர் உண்டு, தாகூர். சிறுவயதில் மொழி கற்பிக்க அவருக்கு இதே காவியத்தைப் பாடமாக வைத்தார்கள். 1877இல், பதினாறு வயதில், அதைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கட்டுரை எழுதினார். பின்னாளில் 'ஜீவன்ஸ்மிருதி'யில் அந்தத் துடுக்குக்காக வருந்தினார். மொழி கற்பிக்க நல்ல காவியத்தைப் பயன்படுத்துவது வாளால் சவரம் செய்வதுபோல என்றும், வாளுக்கும் அவமானம், கன்னத்துக்கும் கேடு என்றும் அதிலேயே சொல்கிறார்.

அதற்காக, அணிகளுக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் ஒன்றைப் பற்றிப் பேச வசதி. வினாவை மட்டும் ஒரு படி நகர்த்தினால் போதும். 'இந்தக் கொடியை நீக்கிவிட்டு அதே காட்சியை மூன்று வரியில் எழுதுக. எதை இழந்தாய்?' இப்படி ஒன்று கேட்கலாம். திருத்துவது கஷ்டம், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்று எழுதும், விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது என்பார்கள். ஆமாம், முடியாது. மதிப்பெண் போட ஆசிரியர் ஒவ்வொரு விடையையும் படித்தாக வேண்டியிருக்கும்.