தாயக்கட்டைக்கு நினைவில்லை

இரண்டாம் படிவக் கணிதப் பாடநூலின் இறுதி அத்தியாயம் ‘கெபாரங்காலியான் மூடா’. தமிழில் இதனை எளிய நிகழ்தகவு எனலாம். பகடையை உருட்டு, விழுந்த எண்ணைக் குறித்துக்கொள் என்பதே இப்பாடத்தின் அடிப்படை. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலர், தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், தோட்டப்புற மக்களுக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறில்லை என்பேன்.

நான் பெடாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். ரெம்பாவ் மாவட்டத்தின் இச்சிற்றூரை வெளியூர்க்காரர்கள் வெந்நீர் ஊற்றுக்காக அறிவார்கள். எங்கள் பக்கம் விபத்துக்குள்ளான காரின் எண், துக்க வீட்டின் எண், கனவில் வந்த பாம்பு என அனைத்தும் நான்கு இலக்கமாகிவிடும். “ரொம்ப நாளா வரலை, இந்த வாரம் கட்டாயம் வரும்” என்று நம்பர் கடைக்குப் புறப்படுவார்கள் பெரியவர்கள்.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டிலுள்ள தாயக்கட்டை போதும். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கங்கள்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரு கட்டைகளையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் தாயம் 2 விதம். மூன்று 4 விதம். இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டோ ஒரே விதம். ஆக, தாயத்திற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படியானால், ஏழு முறை விழாத தாயம் எட்டாவது முறை விழுந்தே தீருமா? இல்லை. அப்போதும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக நூற்றுக்கு 34 பங்கு வாய்ப்புண்டு. முன்பு என்ன விழுந்தது என்பது கட்டைக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்ட கணிதவியலாளர் ஜான் கெரிச், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டினார். 5,067 முறை தலை விழுந்தது. பல்லாயிரம் முறைக்குக் கணக்கு பொருந்துகிறது. அடுத்த முறை என்ன விழும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல இயலாது.

இனி நம்பர் கடைக்கு வருவோம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். பரிசு பெறுபவை 23. வழக்கமான ‘பெரிய’ ஆட்டத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசுகள் பத்து, தலா 180. ஆறுதல் பரிசுகள் பத்து, தலா 60. எல்லா எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால், 10,000 வெள்ளிக்குத் திரும்பி வருவது 6,400 மட்டுமே. வாரம் மூன்று குலுக்கலிலும் ஒரே எண்ணை விடாமல் எடுப்பவர், முதல் பரிசுக்குச் சராசரியாக 64 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

நம்பர் எடுப்பவரை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. நாள் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு அந்தச் சீட்டு ஓர் ஆறுதல். ஆனால், அந்த ஆறுதலின் விலையை அவர்கள் அறிய வேண்டாமா? அதைச் சொல்லும் கடமை படித்த நமக்கில்லையா?

தமிழ்ப்பள்ளிகளில் நாம் நடத்தும் முகாம்களில், திருக்குறள் போட்டியோடு தாயக்கட்டைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். மாணவர்களே 160 முறை உருட்டட்டும், தமிழிலேயே எண்ணட்டும். தாயம் 20ஐ ஒட்டியும், மூன்று 40ஐ ஒட்டியும் வருவதை அவர்களே காணட்டும். நாம் சொன்னால் கேட்காத தாத்தா, பேரப்பிள்ளை தாயக்கட்டையோடு வந்து உட்கார்ந்தால் நிச்சயம் கேட்பார். வரும் முகாமிலேயே தொடங்குவோமா, நண்பர்களே?